வெந்நீர் அடுப்பின் கணக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலைமேல் ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை பக்கத்து ஊர்கள் அடிவாரத்தைவிடப் பல நூறு மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி இறங்கும் என்பது வானிலையியலின் பொதுக்கணக்கு. ஆகவே ஒரே மாவட்டத்துக்குள், ஒரே மார்கழி விடியலில், கீழே மெல்லிய போர்வை போதுமென்று இருக்கும். மேலே அடுப்படியை விட்டு நகர மனம் வராது.

மேலே இருப்பவர்களுக்கு அந்த அடுப்புதான் வீட்டின் வெப்பச் சாதனம். அது சோறாக்குகிறது, களி கிண்டுகிறது. குளிக்க வெந்நீர் போடுகிறது. அறையைக் கதகதப்பாக்குகிறது. மேலே பரணில் வைத்திருக்கும் விதைச் சாமையையும் தினையையும் ஈரம் அண்டாமல், பூச்சி அரிக்காமல் காக்கிறது. மழைக்காலத்தில் ஈரத் துணியையும் ஈர விறகையும் உலர்த்துகிறது. இத்தனை வேலை செய்யும் ஒரு சாதனம் விரிசல் விட்டு, வாய் உடைந்து, வீடெங்கும் புகையைக் கக்க ஆரம்பித்தால் என்ன செய்வது? மண்ணைக் குழைத்துப் பூசிச் சரிசெய்வதா, இடித்துப் போட்டுவிட்டுக் காஸ் அடுப்பும் கீசரும் வாங்குவதா?

இந்தக் கேள்விக்கு அடுப்பின் வயதைப் பார்த்துப் பதில் சொல்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. எந்த வேலைக்கு எவ்வளவு வெப்பம் போகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வேலைக்கு வேலை பதில் மாறும்.

முதலில் விறகை எடுத்துக்கொள்வோம். நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகுக்குள் ஏறத்தாழ 16 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ எரிந்தால் அது 4,400 வாட்டுக்குச் சமம். இரண்டு பெரிய கீசர்களை ஒன்றாகப் போட்டதுபோல. ஆனால் மூன்று கல் அடுப்பில் பாத்திரத்துக்குள் சேர்வது இதில் பத்து முதல் பதினைந்து சதவீதம்தான். மற்றது பாத்திரத்தின் ஓரமாக நழுவி மேலே போகிறது, கல்லையும் தரையையும் சுடவைக்கிறது, கொஞ்சம் புகையாகவே வெளியேறுகிறது.

புகை என்பது எரியாமல் தப்பித்த விறகு. கட்டையைச் சூடாக்கினால் அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் முதலில் வாயுவாகவும் தார் ஆவியாகவும் பிரிந்துவிடும். நாம் காணும் கொழுந்து அந்த ஆவி எரிவதுதான்; மிஞ்சுவது கரி, அது தணலாகக் கனலும். அந்த ஆவி முழுசாக எரிய அறுநூறு, எழுநூறு டிகிரி வெப்பம் வேண்டும், காற்று வேண்டும், இரண்டும் கலக்க நேரமும் வேண்டும். குளிர்ந்த பாத்திரத்தின் அடி கொழுந்தை மிக அருகில் தொட்டாலே வெப்பம் இறங்கி ஆவி பாதியில் புகையாகிவிடும்.

ஈர விறகின் கெடுதலும் இங்கேதான் இருக்கிறது. அப்போது வெட்டிய பச்சைக் கட்டையில் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் கிலோவுக்கு இரண்டரை மெகாஜூலை ஒட்டி வரும். அது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் கொதிக்கிறவரை கட்டையின் வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டுவதில்லை, கொழுந்து சோர்ந்துபோகிறது, மிச்ச ஆவியெல்லாம் எரியாமலே போகிறது. இந்த இழப்புதான் பெரியது. ஊதாங்குழலோடு கண்ணெரிய உட்கார்ந்திருக்கிற பெண்மணி செய்கிற வேலை, அந்தச் சோர்ந்த கொழுந்துக்குக் காற்றும் வெப்பமும் கொடுப்பது.

அவர் கொடுக்கும் விலையை அளந்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவரது குழுவினரும் தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் செய்த ஆய்வு 2002ல் வெளிவந்தது. விறகு எரிக்கும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் மூச்சோடு உள்ளே போகக்கூடிய தூசு ஒரு கனமீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. சமைப்பவர் நாள் முழுவதும் சுவாசித்ததன் சராசரி சுமார் 230. காஸ் போன்ற தூய எரிபொருள் வீடுகளில் அது 80 அளவில் நின்றது. அமெரிக்கரான கிர்க் ஸ்மித் 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடையில் கருவியை மாட்டி அளந்ததிலிருந்து தொடங்கும் ஆய்வுத் தொடர் இது. புகையென்றால் தொழிற்சாலைக் குழாயை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த உலகத்தை அடுப்படிக்குள் திரும்பிப் பார்க்கவைத்தவர் அவர்.

அடுத்த பெரிய சோதனை கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக்கே வந்தது. 2018ல் தொடங்கிய 'ஹாபின்' ஆய்வு தமிழ்நாடு, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு இடங்களில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டது. தமிழ்நாட்டில் விழுப்புரமும் நாகப்பட்டினமும். குலுக்கல் முறையில் பாதிப்பேருக்குக் காஸ் அடுப்பும் பதினெட்டு மாதத்துக்குத் தேவையான காஸும் இலவசமாக வீடு தேடி வந்தன. விறகு எரித்த பெண்கள் சுவாசித்த நுண்தூசின் இடைநிலை அளவு சுமார் 71 மைக்ரோகிராம். காஸ் பெற்றவர்களுக்கு அது 24க்கு இறங்கியது. மூன்றில் ஒரு பங்கு! ஆனால் 2022ல் முதல் முடிவுகள் வந்தபோது குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பின்னர் வந்த முடிவில் ஒரு வயதுக்குள் வரும் கடுமையான நிமோனியாவிலும் இல்லை. காஸ் வந்தது கர்ப்பம் உண்டாகி சில வாரங்கள், மாதங்கள் ஆன பிறகு. பக்கத்து வீட்டுப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் நின்றபாடில்லை. இவை காரணமாக இருக்கலாமா என்ற விவாதம் ஓய்ந்துவிடவில்லை. புகை குறைந்தது என்பதில் மட்டும் விவாதமே இல்லை.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது வேறொன்று. காஸ் பெற்ற அந்தப் பெண்கள் விறகடுப்பைக் கிட்டத்தட்ட முழுவதுமாகக் கைவிட்டார்கள். பழக்கம், ருசி, பழைய மனசு என்று நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. காஸ் இலவசமாக, தீரத் தீர வந்தது; அவ்வளவுதான்.

ஆய்வுக்கு வெளியே நிலைமை அப்படியில்லை. 2016 மே 1 அன்று உத்தரப்பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா திட்டத்தில் காஸ் இணைப்புப் பெற்ற ஏழைக் குடும்பங்கள் 2023-24ல் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு சிலிண்டரை ஒட்டித்தான் நிரப்பிக்கொண்டன. நான்கு சிலிண்டர் என்றால் 57 கிலோ காஸ். இது எவ்வளவு தூரம் வரும்? இங்கேதான் வெந்நீரின் கணக்கைப் போட வேண்டும்.

மலையில் பனிக்காலக் காலையில் தண்ணீர் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாளி, 20 லிட்டர், 40 டிகிரிக்கு வர வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 4.19 கிலோஜூல். பெருக்கினால் ஒரு வாளிக்கு 1,676 கிலோஜூல் வருகிறது. தண்ணீர் மாதிரி வெப்பத்தை விழுங்கும் சாமானியப் பொருள் வேறில்லை. அதே எடை இரும்பை அதே அளவுக்குச் சூடாக்க இதில் ஒன்பதில் ஒரு பங்கு போதும்.

இந்தியத் தரநிலைப்படி காஸ் அடுப்பின் திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். அந்த அடுப்பில் ஒரு வாளி வெந்நீருக்கு 54 கிராம் காஸ் ஆகும். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 216 கிராம், மாதத்துக்கு ஆறரை கிலோ, வருடத்துக்கு ஐந்தரை சிலிண்டர். அதாவது உஜ்வலா குடும்பம் சராசரியாக நிரப்பும் நான்கு சிலிண்டரும், அரிசி ஒரு பருக்கை வேகாமல், குளிக்கும் தண்ணீருக்கே பற்றாது. காஸ் வந்த பிறகும் வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டே இருப்பதன் காரணம் இந்தப் பெருக்கல் கணக்கில் இருக்கிறது. புதிய சாதனம் பழையதன் ஒரு வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. மற்ற வேலைகளுக்காகப் பழையது உயிரோடு இருக்கிறது.

அப்படியானால் சமையலுக்கு என்ன, வெந்நீருக்கு என்ன என்று தனித்தனியாகத் தீர்மானிக்கலாம். சமையலில் எனக்குத் தயக்கமே இல்லை: அடுப்படிக்குள் இருக்கும் விறகடுப்பைப் பழுது பார்ப்பதில் பணத்தையும் உழைப்பையும் போடாமல் காஸுக்கு மாறுங்கள். வருடத்தில் நிரப்பும் நான்கு சிலிண்டரை முழுக்கச் சமையலுக்கே ஒதுக்குங்கள். சமைப்பவர் அடுப்பு முன்னால் குனிந்திருக்கும் நேரம்தான் நுரையீரலுக்குள் அதிகத் தூசு போகும் நேரம். வெந்நீர் அடுப்புக்கு யாரும் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. விறகைத் தள்ளிவிட்டு நகர்ந்துவிடலாம்.

சமையல் அடுப்பைச் சீர்திருத்தும் முயற்சி நம் நாட்டில் ஒருமுறை பெரிய அளவில் நடந்தது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வகத்தில் எஸ்.பி. ராஜு 1950களில் புகைபோக்கி வைத்த மண்ணடுப்பை வடிவமைத்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்யா ரெட்டி 1974ல் தொடங்கிய 'அஸ்த்ரா' அமைப்பு, ஒரே தீயில் மூன்று பாத்திரம் வேகும் அடுப்பைக் கொடுத்தது. 1983ல் மத்திய அரசின் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் வந்தது. 2002ல் முடியும் முன் மூன்றரைக் கோடி அடுப்புகள் வரை போட்டார்கள். மண் விரிசல் விட்டது, புகைபோக்கியில் கரி அடைத்தது, சுத்தம் செய்யவோ பூசவோ ஆள் வரவில்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் உடன் ஆய்வாளர்களும் ஒடிசாவில் இப்படிப்பட்ட அடுப்புகளை நான்கு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் சமைப்பவர் சுவாசிக்கும் புகை குறைந்தது. அதன்பின் அந்தப் பயன் மறைந்துபோயிற்று. அடுப்பைப் பராமரிப்பதும் பயன்படுத்துவதும் குறைந்துவிட்டன. பழுது பார்க்க ஆளில்லாத நல்ல சாதனத்தைவிடப் பழுது பார்க்கத் தெரிந்த சுமாரான சாதனம் மேல் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெந்நீர் அடுப்பு அந்த வகை. மண்ணும் கல்லும் வீட்டருகிலேயே இருக்கின்றன, வேலையும் தெரிந்த வேலை. முதலில் இடத்தை மாற்றுங்கள்: வீட்டுக்குள் இருந்தால் இறவாணத்துக்கு வெளியே, காற்று வீட்டுப் பக்கம் வீசாத மூலைக்கு. அடுத்து, விறகு தரையில் கிடந்து எரியாமல் அடியிலிருந்து காற்று ஏற ஒரு கம்பித் தட்டு. அதற்கடுத்தது, என் கணக்கில் மிக முக்கியமானது, அண்டாவைச் சுற்றி விரலளவு இடைவெளி விட்டு எழுப்பும் மண்சுவர். நழுவி மேலே போகிற சூடான வாயு அந்தக் குறுகிய சந்து வழியாக அண்டாவின் பக்கவாட்டை உரசிக்கொண்டு போயாக வேண்டும். அடியில் மட்டும் வாங்கிய வெப்பத்தைப் பாத்திரம் பக்கங்களிலும் வாங்கும். சந்து அகலமானால் பயன் போய்விடும், மிகக் குறுகினால் தீ மூச்சுத் திணறிப் புகையும். கொடியடுப்பில் இரண்டாம் வாய்க்குப் போகும் தீயும் இதே தத்துவம்தான்: முதல் பாத்திரம் விட்டுவிட்ட வெப்பத்தை இரண்டாவது பாத்திரம் பிடித்துக்கொள்கிறது. நடுவில் தீக்குழாய் வைத்த செம்பு பாய்லர் இன்னும் ஒரு படி மேல், ஏனென்றால் தீயைச் சுற்றிலும் தண்ணீர். அதன் அடி ஓட்டை விழுந்தால் பழைய செம்பு விலைக்குப் போடாதீர்கள். பற்றவைத்துத் தரும் பாத்திரக்காரர் இருக்கிறவரை அது பழுது பார்க்கத் தகுந்த பொருள்.

12 சதவீதத் திறனில் நாலு வாளிக்கு ஒரு நாளைக்கு மூன்றரைக் கிலோ விறகு ஆகும். அதை 25 சதவீதத்துக்கு உயர்த்தினால் ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கீழே வந்துவிடும். மாதத்தில் ஐம்பது கிலோ விறகு மிச்சம். காட்டிலிருந்து அதைத் தலைச்சுமையாகக் கொண்டுவருவது யார் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும்.

இனி மலையடிவாரத்துக்கு, கள்ளக்குறிச்சி நகரத்துக்கு வருவோம். இங்கே கேள்வி கீசரைப் பற்றியது. "பழைய கீசர், கரண்டைத் தின்கிறது" என்று சொல்லிப் புதிது விற்பார்கள். இயற்பியல் இதற்கு ஒத்துழைக்காது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் காயில், வாங்கிய மின்சாரம் அத்தனையையும் வெப்பமாக்கித் தண்ணீருக்குத்தான் கொடுத்தாக வேண்டும். பழைய காயிலுக்கும் புதிய காயிலுக்கும் அதில் வேறுபாடு இல்லை. கீசரின் நட்சத்திரக் குறியீடு அளப்பது, தண்ணீர் சும்மா இருக்கும்போது தொட்டிச் சுவர் வழியாகக் கசியும் வெப்பத்தை. நாளெல்லாம் ஸ்விட்சைப் போட்டே வைத்திருக்கும் வீட்டுக்கு அது முக்கியம். குளிக்கும் முன் போட்டு, குளித்ததும் அணைக்கும் வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் தரும் மிச்சம் மிகச் சிறியது.

போர் தண்ணீரின் உப்பு செய்யும் கெடுதல் வேறு விதம். கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானால் சுண்ணாம்பாகப் பிரிந்து காயில்மேல் ஓடுபோலப் படியும். வெப்பம் அந்த ஓட்டைத் தாண்டித் தண்ணீருக்குப் போகக் காயில் இன்னும் அதிகமாகக் கொதிக்க வேண்டும். மின்கட்டணம் பெரிதாக ஏறாது. காயில் சீக்கிரம் கருகும். காயில், தெர்மோஸ்டாட், கேஸ்கெட் இவையெல்லாம் மாற்றக்கூடிய பாகங்கள். மாற்றுங்கள், கூடவே சுண்ணாம்பையும் சுரண்டச் சொல்லுங்கள். இரும்புத் தொட்டியானால் உள்ளே இருக்கும் மெக்னீசியம் தண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைந்து தொட்டியைக் காப்பது அதன் வேலை. அது தீர்ந்த பிறகு அடுத்த பலி தொட்டி. தொட்டியே பொத்துக்கொண்டு கசிந்தால் பழுது பார்க்கும் பேச்சே வேண்டாம், புதிது வாங்குங்கள். பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அடைத்த கீசர் வெடிக்கக்கூடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. 2,000 வாட் கீசர், 15 லிட்டர் தண்ணீரை 26 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 18 நிமிடம் எடுக்க வேண்டும். அதிகம் எடுத்தால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் மின்னழுத்தத்தைப் பாருங்கள். திறன் அழுத்தத்தின் வர்க்கத்தோடு மாறும். 230 வோல்ட்டுக்குப் பதில் 200 வந்தால் அதே கீசர் 24 நிமிடம் எடுக்கும். குற்றம் கம்பியில் இருக்க, தண்டனை கீசருக்குக் கிடைக்கும்.

மின்சாரத்தில் வெந்நீர் போட்டால் வாளிக்கு மலையில் அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, கீழே மூன்றில் ஒரு யூனிட். நாலு வாளிக்கு இரண்டு மாதத்தில் மலையில் 112 யூனிட், நகரத்தில் 78. தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் கட்டணமில்லாத 100 யூனிட்டோடு இதை ஒப்பிட்டால், பனிக்காலத்தில் மட்டும் மின்சார வெந்நீர் என்பது மலைக் குடும்பத்துக்கும் எட்டாத ஆடம்பரம் இல்லை என்று தெரியும். ஆனால் வாளிக்குள் தொங்கவிடும் ஹீட்டர் ராடு எர்த் இல்லாத வீட்டில் உயிரைக் குடிக்கும். எர்த்தும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போட்டபிறகுதான் ராடு. ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கும்வரை வாளியைத் தொடக் கூடாது.

மிச்சமிருப்பது அறைக் கதகதப்பு. சமையலில் வீணாகப் போவதாக நாம் கணக்கிட்ட எண்பத்தைந்து, தொண்ணூறு சதவீதம் மலைவீட்டில் முழுக்க வீணில்லை. அதில் ஒரு பகுதிதான் குழந்தைகளைக் குளிரிலிருந்து காக்கிறது. அடுப்பு காஸாக மாறினால் அந்த வெப்பம் போய்விடும் என்பதை மாற்றச் சொல்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். இதற்கு மருந்து இன்னொரு தீ இல்லை. சூடான காற்று மேலே ஏறிக் கூரைச் சந்து வழியாகத்தான் வெளியேறுகிறது. தகரக் கூரை இரவில் வானத்துக்கு வெப்பத்தைக் கதிர்வீசிக் குளிர்ந்துபோகிறது. கூரைக்கடியில் மூங்கில் தட்டியோ வைக்கோல் பாயோ கட்டித் தூங்கும் மூலையை மட்டும் தடுத்துக்கொண்டால், உடம்பின் சூடே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். வீட்டுக்கு வெப்பம் தரும் சாதனத்தில் பழுது பார்க்க வேண்டிய பாகம் பல சமயம் கூரைதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குளிருக்காகத் தணல் சட்டியை உள்ளே எடுத்துவந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். தணலில் புகை இருக்காது, கண்ணும் எரியாது, அதனால் ஆபத்தில்லை என்று தோன்றும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவருக்கு எழுந்து கதவைத் திறக்கும் வலு இருக்காது. மலைவாசத் தலங்களுக்குச் சுற்றுலா போனவர்கள் அறைக்குள் கரி எரித்து இப்படி இறந்திருக்கிறார்கள். சட்டியில் தணல் மிஞ்சினால் சாம்பலைப் போட்டு மூடி, வெளியில், இறவாணத்துக்கு அப்பால் வைத்துவிட்டுப் படுங்கள்.